பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்றவங்களுக்கு...

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் சூடாவும் இருக்கும். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

மக்களே, வீட்டு வாசல்ல ஒரு பழைய கார் நின்னா போதும். போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் ஒரே வசனம்தான் வாயில வருது. "இன்னும் வச்சிருக்கீங்களா சார் இதை? பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதானே?"

எங்க சின்ன வயசுல தள்ளுவண்டியில பேரீச்சம்பழம் வித்துட்டு வர்றவர் ஓட்டை ஈயம், பித்தளை, துருப்பிடிச்ச இரும்பு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுப் பழம் குடுப்பார். இப்ப அந்தத் தள்ளுவண்டியை அரசாங்கமே தள்ளிட்டு வருது. 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வாகனக் கழிவுக் கொள்கையை அறிவிச்சாங்க. பழைய வண்டியைக் குடுத்தா புது வண்டியோட ஷோரூம் விலையில 4-லேர்ந்து 6 சதவீதம் வரைக்கும் கிடைக்கும்னாங்க. பேரீச்சம்பழம்தான், பேக்கிங் மட்டும் புதுசு :-)

ஓடாத, யாரும் சரி பண்ண விரும்பாத வண்டியை உடைக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. புகையைக் கக்கிட்டு ஊரைச் சுத்துற லாரியை உடைங்க, நானே வந்து சுத்தியல் எடுத்துத் தர்றேன். என் சண்டை வேற. ஒரு வண்டியோட நிலைமையைப் பார்க்காம வயசை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுறது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, வீட்டுல உட்கார்ந்து தன் கையால ஒருத்தன் சரி பண்ற வேலையைக் குற்றம் மாதிரிப் பார்க்கிறது. இந்த ரெண்டையும்தான் இந்தப் பதிவுல கேட்கப் போறேன்.

முதல்ல நம்ம ஆளு யாருன்னு சொல்லிடறேன்

எங்கிட்ட இருக்கிறது 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. பெரியப்பா ஓட்டின வண்டி. தேங்காய்த்திட்டுல மீன்பிடித் துறைமுகம் பக்கத்துல இருக்கு, எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற முகத்துவாரம். உப்புக்காத்து இருபத்துநாலு மணி நேரமும் வீட்டுக்குள்ள வந்து போகும். ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷம் தாங்காது. இந்த ஊர்ல 50 வருஷத்துக்கு மேல ஒரு இரும்புக் கார் நின்னா அது எப்படி இருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. (அவ்வ்வ்வ்...)

"கிட் கார்"னு ஒண்ணு இருக்கு, சில பேருக்குப் புதுசா இருக்கலாம். காரை முழுசா விக்காம, பாகம் பாகமாப் பெட்டியில போட்டு விப்பாங்க. வாங்கினவர் வீட்டு ஷெட்டுல வச்சு முடுக்கி ஓட்டிக்கலாம். இங்கிலாந்துல 1957-ல வந்த லோட்டஸ் செவன் இந்த வகையில பேர் போனது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி பாகங்களுக்கு இல்லைங்கிறதால அங்க இந்த வழக்கம் பரவுச்சு.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நமக்கெதுக்கு"ன்னு சொல்லாதீங்க. நம்ம சென்னையோட கார் தொழிலே இப்படிப் பெட்டியில வந்த பாகங்களை முடுக்கித்தான் ஆரம்பிச்சுது. 1948-ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சு, எண்ணூர்ல ஆஸ்டின் காரை முடுக்கினாங்க. அதே 1948-ல ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவும் வந்துச்சு. வண்டலூர்ல தொழிற்சாலை. அங்கதான் 1961-லேர்ந்து ஹெரால்டு வந்துச்சு. இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்டு, நம்ம ஊர்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சிசி இன்ஜின். மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலியர் வரைஞ்ச உருவம். 1960களோட கடைசியில வண்டலூர்க்காரங்க நாலு கதவு வச்சு ஒண்ணு பண்ணாங்க. அது இங்கிலாந்துலயே கிடையாது, நம்ம ஊர்ச் சரக்கு. என் வண்டி அந்த நாலு கதவுதான்.

இந்த ஹெரால்டோட கட்டுமானத்தைப் பாருங்க. அந்தக் காலத்துலயே மத்த சின்ன கார்ங்க எல்லாம் பாடியும் சேஸியும் ஒண்ணாச் சேர்ந்த டைப்புக்கு மாற ஆரம்பிச்சாச்சு. ஹெரால்டு மட்டும் தனி சேஸி, அது மேல போல்ட்டு போட்டு முடுக்கின பாடி. முழு பாடியை ஒரே துண்டாப் பண்ணித் தர அந்தக் கம்பெனிக்குச் சரியான ஆள் கிடைக்கலை. அதனால துண்டு துண்டாப் பண்ணி முடுக்கினாங்க. அது வெளிநாட்டுல முடுக்கி விக்கவும் வசதியாப் போச்சு. பானெட்டோட முன்பக்கம் மொத்தமும் முன்னால கவிழும். முன் டயர் மேலயே உட்கார்ந்து, கால் ஆட்டிக்கிட்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். பிரிக்கவும் மாட்டவும்தான் இந்த வண்டி பிறந்திருக்கு. இங்கிலாந்துல பின்னாடி பல கிட் கார்ங்களுக்கு இந்த ஹெரால்டு சேஸியைத்தான் அடித்தளமா எடுத்தாங்க.

அப்படிப்பட்ட வண்டியை வீட்டுல பிரிச்சுச் சரி பண்ணக்கூடாதுன்னா, வேற எதைப் பண்றதாம்?

துரு எங்க இருக்கு?

ஹெரால்டு சேஸியில நடுவுல ரெண்டு பெரிய கம்பம் ஓடும். அது பரவாயில்லை, ஓரளவு தாங்கும். அதுலேர்ந்து பக்கவாட்டுல கை மாதிரி நீட்டுற துண்டுங்க இருக்கு, அவுட்ரிக்கர்னு சொல்வாங்க. பாடி உட்கார்றது அது மேலதான். தண்ணியும் மண்ணும் உள்ள போய்த் தங்குற இடமும் அதுதான். வெளியில பெயிண்ட் பளபளன்னு இருக்கும், ஸ்க்ரூட்ரைவரால ஒரு குத்து குத்தினா அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சாதாரணமா என்ன பண்ணுவாங்க? துரு மேலேயே பட்டி போட்டு, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சு வித்துடுவாங்க. ஆறு மாசத்துல கொப்புளம் கொப்புளமா வரும். நான் பண்றது வேற. டிக்கியில இருக்கிற பெட்ரோல் டேங்கை முதல்ல கழட்டி வீட்டுக்கு வெளிய வைக்கணும். மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துச் சுவத்துல எழுதணும். ஒரு நேரத்துல ஒரே ஒரு கையைத்தான் வெட்டணும். ரெண்டு பக்கமும் சேர்த்து வெட்டினா பாடி கோணிக்கும், அப்புறம் கதவு சாத்தாது. நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் கிரைண்டரால வெட்டி, 16 கேஜ் தகடுல அதே அளவுக்கு வளைச்சு, சிஓடூ வெல்டிங் வச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, பெட்டி மாதிரி மூடின இடத்துக்குள்ள மெழுகு விட்டு அடைக்கணும். அப்புறம் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாம காத்தோட்டமா வைக்கணும். ஷீட்டுக்குள்ள வேர்க்கும், அந்த ஈரமே வண்டியைத் தின்னுடும்.

நாலு கை முடிஞ்சாச்சு. தகடு, வெல்டிங் மெஷின் வாடகை, கிரைண்டர் எல்லாம் சேர்த்து இதுவரைக்கும் 18 ஆயிரம். "பணக்காரன் பொழுதுபோக்கு"ன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைக் குறிச்சுக்கோங்க. ஒரு நல்ல செல்போன் விலை. தங்கமணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவங்ககிட்ட இருக்கிற கணக்கு வேற :-)

இப்பத்தான் வருது ஆப்பு

2021-ல மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குன்னு தனியா விதி போட்டாங்க. முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டின ரெண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு. 'விஏ'ன்னு தனி எழுத்து போட்ட நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. கேட்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. நானும் கைதட்டினேன்.

நிபந்தனையைப் படிச்சா கைதட்டல் நின்னு போச்சு. வண்டி பழைய அசல் வடிவத்துலயே இருக்கணும். சேஸியிலயோ பாடியிலயோ இன்ஜின்லயோ மாற்றம் செஞ்ச மாதிரியான பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது.

அப்ப என் சேஸியில வச்ச நாலு புதுக் கை? அது மாற்றமா, பழுது பார்த்ததா? அளவு அதே, வடிவம் அதே, இரும்பு மட்டும் புதுசு. சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துல போய்க் கேட்டேன். "வண்டியைக் கொண்டாங்க சார், பார்த்துட்டுச் சொல்றோம்"னாங்க. "வண்டியைக் கொண்டு வரணும்னா முதல்ல சேஸி நிக்கணுமே சார்"னேன். சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

இந்த விதியை அப்படியே எடுத்துக்கிட்டா என்ன அர்த்தம் வருது பாருங்க. துருவோட விட்டா அது அசல், துருவை வெட்டி ஒட்டினா அசல் கெட்டுச்சு. எந்த இரும்பும் 50 வருஷம் கை படாம கடலோரத்துல நிக்காது. அப்போ கண்ணாடி அறைக்குள்ள வச்சுப் பூட்டின மகாராஜா வண்டிதான் பாரம்பரியம், சராசரி ஆளு ஓட்டின ஹெரால்டு இரும்புக் குப்பை.

நம்ம பாண்டியிலேயே இதுக்கு ஒரு பாடம் இருக்கு. கடற்கரைச் சாலையில மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரங்க 19-ஆம் நூற்றாண்டுல கட்டின நகராட்சிக் கட்டடம். 2014 நவம்பர் மழையில அப்படியே இடிஞ்சு விழுந்துச்சு. என்ன பண்ணோம்? பழைய தோற்றத்துலயே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில திறந்தாச்சு. அதைப் பாரம்பரியக் கட்டடம்னு நாமளே பெருமையா போட்டோ எடுத்துக்கிறோம். தப்பில்லை, நானும் எடுத்தேன். ஆனா ஒரு கட்டடத்தையே அடியிலேர்ந்து புதுசாக் கட்டினாலும் அது பாரம்பரியம். என் வண்டியில நாலு துண்டு தகடு மாத்தினா மட்டும் அசல் போயிடுமா? என்னங்க நியாயம் இது?

சரி, அந்தப் பதிவு கிடைச்சாலும் என்ன பண்ணலாம்? கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகலாம், ஆராய்ச்சிக்கு எடுத்துட்டுப் போகலாம், பழைய கார் ஊர்வலத்துக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் மராமத்துக்கும் போகலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட வீராம்பட்டினம் வரைக்கும் போயிட்டு வர முடியாது. வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

அந்தப் பதிவு வேணாம், சாதாரணப் பதிவுலயே வச்சுக்கறேன்னா அது வேற கதை. 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். காருக்கு 600 ரூபாயா இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கினாங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புல, 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. பரிசோதனைக்கான செலவு ஏறியிருந்தா புரிஞ்சுக்கலாம். இது வயசுக்குப் போட்ட அபராதம்.

இதே பாண்டி முகவரியில, இங்க ஒரு ராத்திரி கூடத் தங்காதவங்க, வரி கம்மின்னு கோடி ரூபா சொகுசுக் காரைப் பதிவு பண்ணி ஓட்டினது 2017-ல கேரளாவுல பெரிய வழக்காவே ஆச்சு. நிஜமாவே இங்க பொறந்து, இங்கயே குடியிருந்து, உப்புக்காத்தோட மல்லுக்கட்டுறவனுக்கு 10,000. நல்லா இருங்க சாமிகளா.

"உச்சநீதிமன்றமே சொல்லிடுச்சே"

இப்படி ஒரு நண்பர் மடக்கினார். 2019 ஜனவரியில தீர்ப்பு வந்தது உண்மைதான். தயாரிச்சவங்க குடுத்த அசல் விவரக்குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு தீர்ப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. அதுல எனக்கு முழு உடன்பாடு. ஜீப்பை வெட்டி நீட்டி, ட்ராக்டர் டயர் மாட்டி ஓட்டுறவங்க மேல எனக்கும் கோபம் உண்டு.

நான் கேட்கிறது அதோட நேர் எதிர். தயாரிச்ச அளவுக்கே திரும்பக் கொண்டு வர்றேங்கிறேன். ஆனா அதுக்குச் சான்றிதழ் குடுக்கத் தயாரிச்ச கம்பெனி எங்க? வண்டலூர்த் தொழிற்சாலையை 1980களோட கடைசியிலேயே மூடியாச்சு. இல்லாத கம்பெனிகிட்ட எப்படிக் கையெழுத்து வாங்குறது? மத்த நாட்டுல இதுக்கு வழி இல்லாம இல்லை. இங்கிலாந்துல 40 வருஷம் தாண்டின வண்டியோட சேஸியில, அசல் எப்படி இருந்துச்சோ அதே மாதிரித் துண்டை மாத்தினா அது பெரிய மாற்றமாக் கணக்கு இல்லைன்னு வழிகாட்டுதல்லயே இருக்கு. வீட்டுல கட்டின கிட் காரா இருந்தா, ஒவ்வொரு வண்டியையும் தனியாப் பரிசோதிச்சுப் பதிவு பண்ணித் தர்றாங்க. நம்மளை ஆண்ட பிரான்ஸ்ல 30 வருஷத்துலயே பழம்பெரும் வண்டிக்கான பதிவு கிடைக்கும். 1960-க்கு அப்புறம் வந்த வண்டின்னா 5 வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. பார்த்தீங்களா, எல்லா இடத்துலயும் யாரோ ஒருத்தர் வந்து வண்டியைக் குனிஞ்சு பார்க்கிறார்.

"அப்ப மாசு? பாதுகாப்பு?"

நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். ஹெரால்டுல புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்குப் புது வண்டியைவிட நிச்சயமா அதிகமாத்தான் மாசு விடும். ஏர்பேக் கிடையாது. சென்னை நெடுஞ்சாலையில தினமும் ஓட்ட இது சரிப்படாது, ஓட்டவும் சொல்லலை.

ஆனா எவ்வளவு ஓட்டுவோம்? வருஷத்துக்கு 700 கிலோமீட்டர் ஓடினா பெரிய விஷயம். அதை உடைச்சுட்டுப் புதுசு வாங்கினா மாசு குறைஞ்சுடும்னு சொல்றவங்க, புதுக் கார் மரத்துலயா காய்க்குதுன்னு யோசிக்கணும். இரும்புத் தாதுலேர்ந்து ஒரு டன் எஃகு எடுக்கவே சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது. அதுக்கு மேல அலுமினியம், பிளாஸ்டிக், கண்ணாடி. வருஷத்துக்கு 700 கிலோமீட்டருக்காக இன்னொரு கார் செய்றது எந்தக் கணக்குல பசுமை? ரொம்ப ஓடுற வண்டிக்கு ஒரு சட்டம், எப்பவாவது ஓடுற வண்டிக்கு ஒரு சட்டம்னு ஓட்டத்தை வச்சுப் பிரிக்கலாமே. வயசு எதுக்கு?

பாதுகாப்புக்கும் அதே பதில்தான். அடியில படுத்து, ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பார்த்து, பிரேக் பைப்பைத் தடவிப் பார்த்தவனுக்குத்தான் அந்த வண்டி நாளைக்கு எங்க உடையும்னு தெரியும். 2025-ல பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலந்தாச்சு. பழைய வண்டியில இருக்கிற ரப்பர் ஹோஸ், பம்புல இருக்கிற டயாஃப்ரம் எல்லாம் அதைத் தாங்காது. இதைத் தெரிஞ்சு மாத்தினவன் யாரு? வீட்டுல வேலை பார்க்கிறவன். தெரியாம ஓட்டி ரோட்டுல நின்னவங்க எத்தனை பேர்!

படகைப் பார்த்துக் கத்துக்கலாம்

எங்க ஊர்த் துறைமுகத்துக்கு ஏப்ரல் 15-க்கு அப்புறம் வந்து பாருங்க. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுங்க கரைக்கு ஏறும். பலகை மாத்துவாங்க, ஃபைபர் ஒட்டுவாங்க, இன்ஜினை இறக்கி ஏத்துவாங்க, அடியில ஒட்டின சிப்பியைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பாங்க. வருஷா வருஷம் இதே வேலை. அஞ்சாறு வருஷத்துல படகுல பாதி மரம் புதுசா இருக்கும். யாராவது வந்து "அசல் போச்சு"ன்னு சொல்றாங்களா? "15 வயசாச்சு, பேரீச்சம்பழத்துக்குப் போடு"ன்னு சொல்றாங்களா? அந்தப் படகை நம்பித்தான் அத்தனை பேர் கடலுக்குள்ள போறாங்க. கார்லயாவது நின்னா இறங்கித் தள்ளலாம். கடல்ல எங்க இறங்குறது?

அங்க கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இந்த வருஷம் தாங்குமா?" தாங்குற மாதிரிப் பண்ணு, எடுத்துட்டுப் போ. அந்தக் கேள்வியைக் காருக்கும் கேளுங்கன்னுதான் சொல்றேன். எனக்கு வெல்டிங்ல கை நடுங்காம நூல் பிடிச்ச மாதிரி இழுக்கக் கத்துக் குடுத்ததே படகு வேலை பார்க்கிற ஒரு அண்ணன்தான். "தம்பி, துருவைப் பார்த்துப் பயப்படாத. நல்ல இரும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் பாரு"ன்னார். இந்த அறிவெல்லாம் எந்தக் காலேஜ்லயும் கிடைக்காது. பழுது பார்க்கிற பொருளே இல்லைன்னு ஆக்கிட்டா, பழுது பார்க்கிற கையும் போயிடும். புதுப்பேட்டையில இன்னிக்கும் ஒரு பழைய கார்புரேட்டரைக் கையில வாங்கின உடனே இது எந்த வண்டியோடதுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு அப்புறம்?

நான் கேட்கிறது மூணே மூணு

ஒண்ணு, அசல் அளவுலயே துருப்பிடிச்ச பாகத்தை மாத்தினா அது பழுது பார்த்ததுதான், மாற்றம் இல்லைன்னு விதியில தெளிவா ஒரு வரி எழுதுங்க.

ரெண்டு, 50 வருஷங்கிறதை 30 ஆக்குங்க. 15-க்கும் 50-க்கும் நடுவுல மாட்டின வண்டிங்க எல்லாம் 50-ஐத் தொடுறதுக்குள்ள உடைஞ்சு போயிடும். அப்புறம் 2050-ல பாரம்பரியம்னு காட்ட எதுவும் மிஞ்சாது.

மூணு, வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்னு ஒரு வரம்பு வச்சு, வருஷா வருஷம் சேஸி, பிரேக், ஸ்டியரிங், புகை நாலையும் பரிசோதிச்சு, தேறினா சாதாரணமா ஓட்ட விடுங்க. தேறலைன்னா நிறுத்துங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வலது பக்கம் பின்னாடி இருக்கிற கை இன்னும் பாக்கி. குறுக்களவு சுவத்துல எழுதியாச்சு, தகடும் வாங்கியாச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை வெட்டுறேன். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா வாங்க, சண்டை போடலாம். கையில ஒரு ஸ்க்ரூட்ரைவர் எடுத்துட்டு வந்து, வண்டிக்கு அடியில படுத்து ஒரு குத்துக் குத்திப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க. பேரீச்சம்பழம் வேணும்னா நானே வாங்கித் தர்றேன் :-)